445 என்ற எண்: ஒரு கைக்கடிகார உதிரிப்பாகத்தின் வரலாறு

என் தந்தையார் 1950களில் அரச சேவையில் சேர்ந்தபோது வாங்கிய கைக்கடிகாரம் ஒன்று என்னிடம் இருக்கின்றது. அதன் முகப்பிலுள்ள நிறுவனப் பெயர் இப்பொழுது மங்கிவிட்டது. அண்மையில் ஒருநாள் அதற்குச் சாவி கொடுத்துவிட்டு நேரத்தைத் திருத்துவதற்காகப் பக்கத்துக் குமிழை இழுத்தேன். இழுத்த இடத்தில் அது நிற்கவில்லை. உள்ளே தள்ளினாலும் பிடிபடவில்லை. கொழும்பில் எனக்குத் தெரிந்த கடிகாரத் திருத்துநர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். எழுபது வயதைத் தாண்டியவர். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு கடிகாரத்தைத் திறந்தார். ஊசலாடும் சமநிலைச் சில்லின் அடியில் பொறித்திருந்த எண்ணை முதலில் வாசித்தார். பின்னர் முட்களையும் முகப்பையும் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது ஏ.எஸ். 1130. நாலு நாலு அஞ்சு ஒடிஞ்சு போச்சு. ஒடிஞ்ச துண்டையும் காணேல்லை. முன்னம் ஆரோ திறந்தவன் எடுத்து எறிஞ்சிருப்பான்."

பிறகு மேசைக்கு அடியிலிருந்து பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்தார். அதனுள்ளே சிறு கடதாசி உறைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்து, சிறுவிரல் நகத்தின் அரைவாசி அளவுள்ள ஓர் உருக்குத் தகட்டைச் சாமணத்தால் எடுத்தார். அதன் ஒரு பக்கத்தில் மயிரிழை போன்ற மெல்லிய கையொன்று நீண்டிருந்தது. குமிழை இழுக்கும்போதும் தள்ளும்போதும் அதனை உரிய இடத்தில் தடுத்து நிறுத்துவது அந்தக் கைதான். இருந்த இடத்தில் அதனைப் பொருத்தித் திருகாணியை இறுக்கினார். அரை மணித்தியாலத்திற்குள் கடிகாரம் என் கைக்கு வந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. சுவிற்சர்லாந்தின் கிரென்ஷன் நகரில் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட ஒரு பொறியின் உறுப்பை, அந்நாட்டைக் கண்ணாலும் காணாத ஒரு மனிதர், பெயரைக்கூடச் சொல்லாமல் எண்ணைச் சொல்லி அடையாளம் கண்டது எவ்வாறு? அதே அளவில், அராவ வேண்டிய தேவையே இல்லாமல் இன்னொன்று பொருந்தியது எவ்வாறு? இது இயல்பான காரியம் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் மனிதர் கடிகாரம் செய்யத் தொடங்கிய பின்னர் பல நூற்றாண்டுகளாக இது இயலாத காரியமாகவே இருந்தது.

கைவினைக் காலத்தில் ஒரு கடிகாரத்தின் உறுப்பு மற்றொரு கடிகாரத்திற்குப் பொருந்தாது. ஒரே பட்டறையில், ஒரே கைவினைஞர், ஒரே வாரத்தில் செய்த இரண்டு கடிகாரங்களிடையேகூட உறுப்புகளை மாற்றிப் போட இயலாது. ஒவ்வொரு பற்சில்லும் அதனதன் துளைக்கு ஏற்ப அராவப்பட்டது. ஒரு திருகாணி தொலைந்தால் புதிய திருகாணியைக் கடைந்து, மரை வெட்டி, நெருப்பிற் காய்ச்சிப் பதப்படுத்தி எடுக்க வேண்டும். எந்தத் திருகாணி எந்தத் துளைக்குரியது என்பதை மறவாதிருக்கச் சிறு புள்ளிகளைக் குத்தி அடையாளமிடும் வழக்கமும் இருந்தது. ஆகவே, கடிகாரம் திருத்துபவர் என்றால் அவர் கடிகாரம் செய்யவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். அத்தகையவர் பெருநகரங்களிலேயே இருந்தனர். அவரது கூலியும் அதற்கேற்றதாகவே இருந்தது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்கள் பலர். சுவிஸ் நாட்டவரான பியர்-ஃப்ரெடரிக் இங்கோல்ட் என்பவர் 1840களில் இயந்திரங்களைக் கொண்டு கடிகார உறுப்புகளைச் செய்யும் திட்டத்துடன் இலண்டனுக்கு வந்தார். அதற்கென ஒரு நிறுவனத்தை உருவாக்குவதற்கான சட்டமூலம் 1843 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்திற்குச் சென்றது. இலண்டன் கடிகாரத் தொழிலாளரும் வணிகரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டது. அவர்களது அச்சம் பொருளற்றதன்று, வாழ்வாதாரம் பற்றியது. ஆயினும், ஐரோப்பாவின் முதன்மையான கடிகார நாடாக விளங்கிய பிரித்தானியா தன் இடத்தை இழந்த கதையில் அந்த வாக்கெடுப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் வேறொரு மனிதர் இதே எண்ணத்துடன் இருந்தார். 1812 இல் பிறந்த ஆரன் லஃப்கின் டெனிசன் என்பவர் கடிகாரத் திருத்துநராகத் தொழில் பழகியவர். உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட கடிகாரங்களின் உள்ளேயும் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருந்ததைத் தம் மேசையில் நாள்தோறும் கண்டவர். மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரச படைக்கலத் தொழிற்சாலையில், ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி மற்றொரு துப்பாக்கியில் பொருத்தக்கூடிய முறையை அவர் பார்த்தார். துப்பாக்கிக்கு முடியுமாயின் கடிகாரத்திற்கு ஏன் முடியாது என்பதே அவரது கேள்வி.

துப்பாக்கியில் மயிரிழையளவு பிழை பெரிதன்று. கடிகாரத்தில் அதே பிழை ஓட்டத்தையே நிறுத்திவிடும். 1850 இல் எட்வேர்ட் ஹவார்ட் முதலியோருடன் சேர்ந்து ரொக்ஸ்பரியில் டெனிசன் தொடங்கிய முயற்சி தோல்விகளுடனேயே ஆரம்பமாயிற்று. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள்கள் ஓடும் கடிகாரமே முதலில் திட்டமிடப்பட்டது. அது சரிவரவில்லை. 1854 இல் தொழிற்சாலை வோல்தம் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1857 இல் நிறுவனம் வங்குரோத்தடைந்தது. ஏலத்தில் அதனை வாங்கிய றோயல் றொபின்ஸ் என்பவர் கைவிடாது நடத்தினார். 1861 இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் வாங்கக்கூடிய விலையில் வோல்தம் ஒரு கடிகாரத்தைச் செய்தது. அதன் பின்னரே நிறுவனம் நிமிர்ந்தது. டெனிசன் அதற்குள் விலகிவிட்டார். பிற்காலத்தில் அவர் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் கடிகாரங்களுக்கான வெளிக்கூடு செய்யும் தொழிலை நடத்தி, 1895 இல் அங்கேயே காலமானார்.

வோல்தம் செய்த காரியங்களில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் பேரேடு. அக்காலத்து இயந்திரங்களாலும் எல்லா உறுப்புகளையும் முற்றிலும் ஒரே அளவில் செய்ய முடியவில்லை. குறிப்பாக, சில்லுகளின் ஊசி முனைகளும் அவை சுழலும் மாணிக்கக் கற்களின் துளைகளும் சிறிதளவு வேறுபட்டன. ஆகவே அவற்றை அளந்து, தரம் பிரித்து, ஒன்றுக்கொன்று ஏற்றவற்றைச் சேர்த்தனர். ஒவ்வொரு கடிகாரத்திற்கும் ஓர் இலக்கம் இட்டு, அதனுள் இருக்கும் முனைகளினதும் கற்களினதும் அளவுகளை அந்த இலக்கத்தின் கீழ் எழுதி வைத்தனர். உலகின் எந்த மூலையில் ஓர் உறுப்பு பழுதானாலும், இலக்கத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் பொருத்தமான உறுப்பு தபாலில் வரும் என்று விளம்பரம் செய்தனர். பொருளை விற்ற பின்னரும் அதன் ஆயுளுக்குச் செய்தவனே பொறுப்பு என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது.

1876 இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டை ஒட்டிப் பிலடெல்பியாவில் பெரும் கண்காட்சி நடைபெற்றது. அங்கு வோல்தம் நிறுவனம், தானாகவே திருகாணிகளைக் கடையும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. சுவிற்சர்லாந்திலிருந்து நடுவராக வந்த எட்வார் ஃபாவ்ர்-பெரே அதனைக் கண்டு கலங்கினார். வோல்தம் கடிகாரம் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் கைக்கு வந்தபடி எடுத்துச் சென்று, லு லொக்ல் நகரிலிருந்த திறமைமிக்க கைவினைஞர் ஒருவரிடம் சோதிக்கக் கொடுத்தார். தம் நாட்டில் பல்லாயிரம் கடிகாரங்களுள் ஒன்றுகூட இவ்வாறு அமையாது என்ற பொருளில் அக்கைவினைஞர் வியந்து கூறியதாகத் தாயகம் திரும்பிய ஃபாவ்ர்-பெரே மேடையிற் சொன்னார். சுவிஸ் தொழிலாளி ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 40 கடிகாரங்கள் செய்ய, அமெரிக்கத் தொழிலாளி 150 செய்கின்றார் என்பது அவர் தந்த கணக்கு. 1872 இல் ஏறத்தாழ 18 மில்லியன் பிராங்காக இருந்த அமெரிக்காவுக்கான சுவிஸ் கடிகார ஏற்றுமதி, 1876 இல் 5 மில்லியனுக்கும் கீழே விழுந்திருந்தது.

அதே காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்வையிடச் சென்ற மற்றொருவர், லொன்ஜீன் நிறுவனத்தின் பொறியியலாளர் ஜாக் டாவிட். 1877 ஜனவரியில் அவர் கையளித்த நீண்ட அறிக்கை, அமெரிக்க முறையை உறுப்பு உறுப்பாக விவரித்தது. மலைக்கிராமங்களின் வீடுகளில் குளிர்காலம் முழுவதும் குடும்பம் குடும்பமாக உறுப்புகளைச் செய்துவந்த சுவிஸ் தொழில், இனித் தொழிற்சாலைக்குள் புகாவிடில் அழியும் என்பதே அதன் சாரம். பிரித்தானியர் செவிமடுக்காத எச்சரிக்கையைச் சுவிஸ் நாட்டவர் செவிமடுத்தனர். மனமுவந்து அல்ல, வேறு வழியின்மையால்.

அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளில் கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. பெண்களின் அணிகலனாகக் கருதப்பட்ட கைக்கடிகாரத்தை, முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் இருந்த போர்வீரர்கள் தமதாக்கினர். கடிகாரம் சிறுத்தபோது உறுப்புகளும் சிறுத்தன. அவற்றைக் கையால் செய்து மாற்றுவது முன்னிலும் கடினமாயிற்று. உதிரிப்பாகம் கிடைத்தாலன்றித் திருத்தம் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

1926 இல் ஏ. ஷில்ட், ஃபொன்ட்டென்மெலோன், மிஷெல் ஆகிய மூன்று பொறி உற்பத்தியாளர்கள் சேர்ந்து எபோஷ் எஸ்.ஏ. என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தனர். பின்னர் வேறு பலவும் அதனுள் வந்தன. இவர்கள் செய்த பொறிகளையே நூற்றுக்கணக்கான கடிகார நிறுவனங்கள் வாங்கித் தத்தம் பெயரில் விற்றன. முகப்பிலிருந்த பெயர் எதுவாயினும் உள்ளிருந்த பொறி ஒன்றே. ஏ.எஸ். என்பது ஏ. ஷில்ட், 1130 என்பது அப்பொறியின் வகை எண். இதற்கும் மேலாக, எந்த வகைப் பொறியாயினும் ஒரே வேலையைச் செய்யும் உறுப்புக்கு ஒரே எண் என்ற ஒழுங்கும் உருவாயிற்று. சாவி கொடுக்கும் தண்டு 401. குமிழின் நெம்பைத் தாங்கி நிறுத்தும் வில் 445. துடிப்பைக் கடத்தும் முள்கரண்டி போன்ற உறுப்பு 710. மூலச் சுருள்வில் 770. வகை எண்ணையும் உறுப்பு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் போதும். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை; ஜேர்மன் தெரிய வேண்டியதில்லை. கொழும்பில் இருப்பவரும் கெய்ரோவில் இருப்பவரும் ஒரே மொழியில் ஒரே துண்டைக் கேட்டு வாங்கலாம்.

ஆக, அன்று அந்த முதியவர் "நாலு நாலு அஞ்சு" என்று சொன்னபோது அவர் பேசியது இந்த மொழிதான். அவர் எந்தக் கல்லூரியிலும் கடிகாரக் கலை பயின்றவரல்லர். தம் மாமனாரின் கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு தொழில் பழகியவர். ஆயினும் உலகளாவிய ஓர் அறிவு மரபில் அவருக்குச் சம உரிமை இருந்தது. அவ்வுரிமையை அவருக்கு வழங்கியவை ஓர் எண்ணும் ஒரு கடதாசி உறையுமே.

இந்த ஒழுங்கு குலைந்தது எவ்வாறு என்பது கதையின் அடுத்த பகுதி. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தால் இயங்கும் அக்கடிகாரங்கள் விரைவில் மலிந்தன. அவை எந்தச் சில்லுக் கடிகாரத்தைவிடவும் துல்லியமாக ஓடின. 1970 இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் அதன் மூன்றிலொரு பங்கினர் அளவிலேயே எஞ்சினர். என் தந்தையாரின் கடிகாரப் பொறியைச் செய்த ஏ. ஷில்ட் நிறுவனமும் 1970களின் இறுதியில் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து மறைந்தது.

1983 மார்ச்சில் சுவிஸ் தொழிலை மீட்டெடுத்த ஸ்வொட்ச் கடிகாரம் வந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்டிருந்த உறுப்புகளை அது 51 ஆகக் குறைத்தது. பிளாஸ்டிக் கூட்டின் அடித்தட்டிலேயே பொறியை அமைத்து, கண்ணாடியை ஒலியலையால் உருக்கி ஒட்டினர். மின்கலத்தை மாற்றலாம், மற்றெதற்காகவும் திறக்க இயலாது. உறுப்பு தொலைந்தால் புதிய உறுப்பு என்று தொடங்கிய பயணம், பழுதானால் புதிய கடிகாரம் என்று முடிந்தது. டெனிசன் காட்டிய பாதையே இங்கும் கொண்டுவந்து விட்டது என்பதை மறுப்பதற்கில்லை. இயந்திரத்தால் மலிவாகச் செய்யப்பட்ட பொருள் மேலும் மேலும் மலிந்தபோது, திருத்துவதற்கான கூலி பொருளின் விலையைத் தாண்டிவிட்டது.

திருத்த முடியாத பொருளின் விலை என்ன என்பதை நாங்கள் வேறொரு விதத்தில் கற்றோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் மின்கலங்களும் அடங்கின. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. வானொலிக்கு டைனமோ இருந்தது. கைக்கடிகாரத்திற்கு அதுவும் இல்லை. என் கையில் இருந்த குவார்ட்ஸ் கடிகாரம் ஒருநாள் நின்றது, நின்றபடியே கிடந்தது. அப்பா மட்டும் ஒவ்வொரு நாள் காலையிலும் தம் பழைய கடிகாரத்திற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் அவரிடமே நேரம் கேட்டோம். அந்தக் கடிகாரத்திற்கும் பழுது வராமலில்லை. ஆனால் கைவிடப்பட்ட இன்னொரு கடிகாரத்திலிருந்து கழற்றிய உறுப்பு அதற்குப் பொருந்தியது. வெளியிலிருந்து எதுவும் வராத ஊரில், ஊருக்குள்ளேயே திருத்தக்கூடியவை மட்டும் ஓடின.

தொழில் வீழ்ந்த காலத்தில் சுவிற்சர்லாந்திலேயே இதனை உணர்ந்த ஒருவர் இருந்தார். ஃபாவ்ர்-பெரே தம் அமெரிக்கக் கடிகாரத்தைச் சோதிக்கக் கொடுத்த அதே லு லொக்ல் நகரில், செனித் தொழிற்சாலையில் பணியாற்றிய சார்ள்ஸ் வெர்மோ என்பவரே அவர். 1975 இல் அதன் அமெரிக்க உரிமையாளர்கள் சில்லுக் கடிகார உற்பத்தியை நிறுத்தி, கருவிகளை அகற்றுமாறு பணித்தனர். வெர்மோ எழுதி வேண்டினார், பயனில்லை. ஆகவே எல் பிரிமேரோ என்ற பொறியைச் செய்யும் அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் குறித்து, ஆட்கள் செல்லாத ஒரு மேல்மாடத்தில் ஒளித்துவைத்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னர் அப்பொறிக்கு மீண்டும் கேள்வி எழுந்தபோது, அக்கருவிகளைக் கொண்டே உற்பத்தி தொடங்கியது. ஓர் உறுப்பு தொலைந்தால் கருவியைக் கொண்டு மீண்டும் செய்யலாம். கருவியும் குறிப்பும் தொலைந்தால் எதனைக் கொண்டு செய்வது என்று அவர் சிந்தித்திருக்கின்றார்.

இன்று சில்லுக் கடிகாரங்கள் செல்வந்தரின் விருப்பப் பொருளாக மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளன. ஆனால் உதிரிப்பாகங்களின் வாயில் குறுகிவிட்டது. பெருநிறுவனங்கள் பல, தாம் அங்கீகரித்த நிலையங்களுக்கு மட்டுமே உறுப்புகளை வழங்குகின்றன. ஐரோப்பாவின் சுதந்திரத் திருத்துநர் சங்கங்களின் கூட்டமைப்பு இதனை எதிர்த்து 2004 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. ஆணைக்குழு 2008 இல் முறைப்பாட்டை நிராகரித்தது. 2010 இல் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இரத்துச் செய்தது. ஆணைக்குழு 2014 இல் மீண்டும் நிராகரித்தது. 2017 இல் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. பொறிகள் நுணுக்கமானவை, திருத்தத்தின் தரம் காக்கப்பட வேண்டும், போலிகள் பெருகிவிட்டன என்பன நிறுவனங்களின் வாதங்கள். அவற்றில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். தகுதியற்றவர் திறந்த கடிகாரம் என்னவாகும் என்பதற்கு என் தந்தையாரின் கடிகாரமே சான்று. ஆயினும், தகுதியைச் சோதிப்பது வேறு. துண்டைத் தர மறுப்பது வேறு. பொருளை விலைகொடுத்து வாங்கியவருக்கு, அதனை எவரிடம் திருத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லையெனில், அவர் வாங்கியது எதனை?

இந்தியாவில் இக்கதை வேறு வழியில் நடந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961 இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூடுவதற்கு 2016 இல் அரசு அங்கீகாரம் அளித்தது. தமிழகத்து வாசகர் பலரின் தந்தையர் கையில் கட்டியிருந்தவை அவை. இன்று அவற்றின் உறுப்பு வேண்டுமாயின் பழைய இருப்பைத் தேட வேண்டும். அல்லது இன்னொரு கடிகாரத்தைக் கழற்ற வேண்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திருகாணியை மாற்ற இயலாதிருந்தது, அறிவு போதாமையால். இன்று அறிவும் இருக்கின்றது, இயந்திரமும் இருக்கின்றது. வோல்தம் நிறுவனம் தன் பேரேட்டை வாடிக்கையாளருக்காகத் திறந்து வைத்தது. இன்றைய நிறுவனங்கள் தம் பேரேட்டைப் பூட்டி வைத்திருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மட்டுமே, பெயர் தெரியாத ஒரு திருத்துநர் உலகின் எந்த மூலையிலிருந்தும் தமக்கு வேண்டிய துண்டைக் கேட்டுப் பெறக்கூடியவராக இருந்தார். என் தந்தையாரின் கடிகாரம் அந்த நூற்றாண்டின் பிள்ளை.

புறப்படும்போது அந்த முதியவரிடம், "ஐயா, இன்னொருமுறை இது ஒடிந்தால் என்ன செய்வது?" என்று கேட்டேன். அவர் உறையைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே இன்னும் இரண்டு இருந்தன.

"இது முடிஞ்சால் நான் இனி எங்கை எடுக்கிறது, தம்பி?" என்றார். பிறகு உறையை மடித்து, அதன் மேல் பென்சிலால் எழுதியிருந்த 3 என்ற எண்ணை வெட்டி, 2 என்று எழுதித் தகரத்தினுள் வைத்தார்.